பாடநூலில் இல்லாத பனியன் நகரம்

இங்கிலாந்தில் பதினாறு வயதில் பொதுத்தேர்வை முடித்த மாணவர்கள் அடுத்த இரண்டு ஆண்டுகள் படிக்கும் கட்டம் 'சிக்ஸ்த் ஃபார்ம்' எனப்படுகிறது. தமிழ்நாட்டின் பிளஸ் டூவுக்கும் இலங்கையின் உயர்தரத்துக்கும் ஏறத்தாழ இணையான இக்கட்டத்தில், பெரும்பாலோர் மூன்று பாடங்களை மட்டும் ஏ லெவல் தேர்வுக்காக ஆழ்ந்து படிக்கின்றனர். மூன்றே பாடம் என்பதால் ஒவ்வொரு தெரிவும் வீட்டின் எதிர்காலக் கணக்காகிவிடுகிறது. புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் வேதியியலும் கணிதமும் கேள்வியின்றி ஏற்கப்பட, குடும்பம், கல்வி, வர்க்கம், சமயம் ஆகியவை மனித வாழ்வை எவ்வாறு உருவாக்குகின்றன என்று முறைப்படி ஆராயும் சமூகவியலோ, அதைப் படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்ற கேள்வியைத் தாண்டி வரவேண்டியிருக்கிறது. தாண்டி வந்த பிள்ளைக்கும் ஒரு குறை எஞ்சுகிறது. பாடநூலின் எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் பிரிட்டனையும் அமெரிக்காவையும் சேர்ந்தவையாக இருக்க, பெற்றோரின் மொழி பேசும் உலகம் 'வளரும் நாடுகள்' என்ற பொதுப்பெயருக்குள் கரைந்துபோகிறது. அக்குறையைத் தீர்க்கத் தமிழ்நாட்டின் பனியன் நகரமான திருப்பூரைவிடப் பொருத்தமான ஊர் அரிது.

குடும்பம் பற்றிய அலகில் மாணவர் தொடக்கத்திலேயே சந்திப்பவர் அமெரிக்கச் சமூகவியலாளர் டால்காட் பார்சன்ஸ். சமூகத்தின் ஒவ்வோர் அமைப்பும் முழுமைக்கு உதவும் ஒரு பணியைச் செய்கிறது எனக் கொள்ளும் செயற்பாட்டியக் கோட்பாட்டாளரான அவர், தொழில்மயமான சமூகத்தில் மக்கள் வேலை தேடி இடம்பெயர வேண்டியிருப்பதால், பெற்றோரும் பிள்ளைகளும் மட்டும் கொண்ட தனிக்குடும்பமே அதற்குப் பொருந்தும் என்றார். இதற்கு எதிர்ச்சான்றாக வகுப்பறைகளில் எடுத்துக்காட்டப்படுவது, 1851ஆம் ஆண்டுக் குடிக்கணக்கைக் கொண்டு மைக்கேல் ஆண்டர்சன் செய்து 1971இல் வெளியிட்ட ஆய்வு. அதன்படி, லங்காஷயரின் பருத்தி நகரமான பிரெஸ்டனில் 23 விழுக்காட்டு வீடுகளில் பிற உறவினரும் சேர்ந்து வாழ்ந்தனர். ஆலையில் வேலைக்குச் சொல்லிவிடவும், தாய் வேலைக்குப் போனபின் குழந்தையைப் பார்க்கவும், வேலையற்ற நாளில் சோறு போடவும் அங்கு உறவே துணையாக இருந்தது.

திருப்பூரிலும் அதே பருத்தியும் அதே உறவும் உண்டு. ஆனால் உறவு அங்கே ஏழைக்குத் துணையாவதோடு நிற்காமல் முதலீடாகவும் மாறியது. ஷரத் சாரி 2004இல் வெளியிட்ட 'ஃபிரேட்டர்னல் கேபிடல்' என்ற நூல் இதை விரிவாக ஆராய்கிறது. நொய்யல் கரையின் இவ்வூரில் பனியன் கம்பெனி நடத்தியவர்களுள் பலர் கொங்குக் கவுண்டர் சமூகத்தில் எளிய உழவர்களாகவும் தொழிலாளர்களாகவும் இருந்து மேலெழுந்தவர்கள். தங்கள் உயர்வுக்குத் தங்கள் உழைப்பையே காரணமாகச் சொல்பவர்கள். நிட்டிங், சாயம், கட்டிங், பவர்டேபிள் தையல், செக்கிங், பேக்கிங் என ஒரே சட்டையின் வேலை பல சிறு கூடங்களுக்கு 'ஜாப் ஒர்க்'காகப் பிரிந்து போகும் தொழிலில், எழுதிய ஒப்பந்தம் செய்யாததைப் பங்காளி, மாமன், மச்சான் என்ற பிணைப்பு செய்து முடித்தது. தொழில் வளர்ந்தால் உறவு தேயும் என்ற எதிர்பார்ப்பு இங்கே பொய்க்கிறது. சாதியமைப்பு முதலாளித்துவம் முளைக்கத் தடை என்ற ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வேபரின் கருத்தையும் இவ்வூரை வைத்து மாணவர் மீண்டும் எடைபோடலாம்.

பார்சன்ஸை மறுத்ததோடு நின்றுவிடும் விடை அரைகுறையானது. நம்பிக்கை ஒரு சாதிக்குள்ளேயே சுற்றும்போது வெளியே நிற்பவர் யார் என்பதே அடுத்த கேள்வி. சசெக்ஸ் பல்கலைக்கழகத்தின் கிரேஸ் கார்ஸ்வெல், கீர்ட் டி நெவ் ஆகியோர் திருப்பூரைச் சுற்றிய கிராமங்களில் செய்த ஆய்வு, விசைத்தறி உரிமையாளரிடம் பெற்ற முன்பணத்தால் கட்டுண்ட தலித் தொழிலாளர்கள், எட்டும் தொலைவிலிருக்கும் பனியன் வேலைக்கும் போக முடியாதிருப்பதைக் காட்டியது. தமிழ்நாட்டின் மேற்கு மாவட்ட நூற்பாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என வழங்கிய முறை இன்னும் கொடியது. ஏழைக் குடும்பத்துப் பெண்கள் மூன்றாண்டு வரை ஆலை விடுதியிலேயே தங்கி வேலை செய்தால் இறுதியில் திருமணச் செலவுக்கென ஒரு மொத்தத் தொகை தரப்படும்; இடையில் விலகினால் அதை இழக்க நேரிடும். அவர்களுள் பலர் ஏ லெவல் மாணவியின் வயதினர். குடும்ப அமைப்பே பெண்ணின் உழைப்பைக் குறைந்த விலைக்குக் கிடைக்கச் செய்கிறது என்ற பெண்ணிய வாதத்தை, வரதட்சணை என்றால் என்னவென்று வீட்டுப் பேச்சிலேயே அறிந்த ஒரு தமிழ் மாணவி எந்தப் பாடநூலின் துணையுமின்றிப் புரிந்துகொள்வாள்.

ஆய்வு முறைகள் பற்றிய பகுதியிலும் இம்மாணவர்களுக்குத் தனி வாய்ப்பு உண்டு. பிரிட்டனின் 2015ஆம் ஆண்டு நவீன அடிமைமுறைச் சட்டத்தின்படி பெரிய நிறுவனங்கள் தம் கொள்முதல் வழிகளில் கட்டாய உழைப்பைத் தடுக்க என்ன செய்கின்றன என்று ஆண்டறிக்கை வெளியிட வேண்டும். அவ்வறிக்கை ஓர் ஆவணம். எழுதியவர் யார், யாருடைய குரல் விடுபட்டது என்று சோதித்தே அதைச் சான்றாகக் கொள்ள வேண்டும் எனப் பாடம் கற்பிக்கிறது. விடுபட்ட குரலைக் கேட்க உதவுவது, முன்கூட்டி வரையறுத்த வினாக்களின்றிப் பேச்சின் போக்கிலேயே செல்லும் நேர்காணல். வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீட்டு வாடகை, ஒன்றரை ஷிப்டு முடிந்து திரும்பும் இரவு, பீஸ் ரேட்டில் பிடித்தம் செய்த கூலி ஆகியவற்றைப் பற்றி ஒரு தையல் தொழிலாளியிடம் அவர் மொழியிலேயே கேட்கும் ஆற்றல், வார இறுதித் தமிழ் வகுப்புக்குப் போய்வந்த பிள்ளைகள் பலரிடம் இப்போதே இருக்கிறது.