அருளப்பன் மகன்

ஒசூர் தொழிற்பேட்டையை அடுத்து வாழும் எங்களுக்குப் பெயர் என்பது எத்துணைச் சிக்கலானது என்று நன்கு தெரியும். தமிழர் தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னே இடுவர். தெலுங்கு பேசுவோர் வீட்டுப் பெயரை முன்வைப்பர். கன்னடம் பேசுவோருள் பலர் ஊர்ப் பெயரையும் சேர்த்துக்கொள்வர். ஆலையில் வேலை தேடி வரும் இளைஞர், விண்ணப்பத்தில் 'குடும்பப் பெயர்' என்ற கட்டத்தைக் கண்டு திகைத்து, இறுதியில் தந்தையின் பெயரை அங்கே எழுதிவிடுவர்.

அப்படி வந்த இளைஞர் ஒருவர் எங்கள் வீட்டுப் பின்கட்டில் குடியிருந்தார். அவரது முன்கையில் வெளிறிய படை ஒன்று இருந்தது. ஒருநாள் பட்டறையில் சூடான இரும்பு அவ்விடத்தில் பட்டுக் கொப்புளித்தது. அவருக்கோ வலியே தெரியவில்லை. அரசு மருத்துவமனையில் கொடுத்த சீட்டை எங்களிடம் காட்டி, "ஐயா, ஹான்சன் நோய் என்று எழுதியிருக்கிறார்கள். யாருங்கய்யா இந்த ஹான்சன்?" என்று வினவினார். ஏதோ வெளிநாட்டு நோய் என்றெண்ணி, "கவலைப்படாதே தம்பி" என்று தேற்றிக் கஞ்சியும் கொடுத்தனுப்பினோம்.

இரண்டு நாள் கழித்து, அது தொழுநோயின் மறுபெயர் என்று அறிந்தோம். அன்று மாலையே எங்கள் கை அவருக்கென ஒரு தம்ளரைத் தனியே எடுத்து வைத்தது. எவரும் எதுவும் சொல்லவில்லை. அவர் கண்டுகொண்டார். நோயும் அதுவே, மனிதரும் அவரே. பெயர் ஒன்றுதான் மாறியிருந்தது.

வெட்கம் உறுத்தவே, ஹான்சன் யாரெனத் தேடிப் படித்தோம். நார்வே நாட்டு பெர்கன் நகர மருத்துவர் கெர்ஹார்ட் ஆர்மவர் ஹான்சன், 1873-ஆம் ஆண்டில் தொழுநோய்க் கிருமியைக் கண்டறிந்தவர். இது பரம்பரை நோயுமன்று, சாபமுமன்று, கிருமியால் வருவதே என்று உலகுக்குக் காட்டியவர். ஆயினும் அவரும் குற்றமற்றவர் அல்லர். நோயாளிப் பெண்ணொருவரின் இசைவின்றி அவர் கண்ணில் நோய்ப்பொருளைச் செலுத்திச் சோதித்தமைக்காக, 1880-இல் நீதிமன்றம் அவரை மருத்துவமனைப் பதவியினின்று நீக்கியது.

ஹான்சன் என்பதற்கு 'ஹான்ஸின் மகன்' என்பதே பொருள். ஹான்ஸ் என்பது யோவான், அதாவது நம் முன்னோர் அருளப்பர் என்றழைத்த அதே பெயர். 'கடவுள் அருள்கூர்ந்தார்' என்பது அதன் எபிரேயப் பொருள். ஆகவே ஹான்சன் என்பவர் அருளப்பன் மகன்! ஒற்றை ஈஸ்ட் உயிரணுவிலிருந்து தூய ஈஸ்ட் வளர்த்த டென்மார்க்கு அறிஞர் எமில் கிறிஸ்டியன் ஹான்சனும் அவ்வாறே. ஆங்கிலேயரின் ஜான்சனும் ஜோன்ஸும், வேல்சு நாட்டு எவான்ஸும் இதே பெயரின் கிளைகள். மருந்து ஒவ்வாமல் தோல் உரியும் கொடிய நோய்க்கு, 1922-இல் அதை விவரித்த இரு மருத்துவர் பெயரால் ஸ்டீவன்ஸ்-ஜான்சன் என்று பெயர். எலும்பு மச்சைப் புற்றில் சிறுநீரில் காணும் புரதம் பென்ஸ் ஜோன்ஸ் பெயர் தாங்குகிறது. உடலே தன் இரத்த அணுக்களை அழிக்கும் நிலை ஒன்று எவான்ஸ் பெயர் தாங்குகிறது.

தொழுநோய்க்கு ஹான்சன் பெயரை வேண்டி நெடுநாள் போராடியவர்களுள் முதன்மையானவர் ஸ்டான்லி ஸ்டைன். அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனையில் 1931-இல் சேர்ந்த நோயாளி அவர். குடும்பத்தார்க்கு இழுக்கு நேராதிருக்கத் தம் சொந்தப் பெயரான சிட்னி லெவிசன் என்பதை விட்டவர். நோயாளிகளுக்கென இதழ் நடத்தி, பழைய இழிசொல்லை எதிர்த்து எழுதினார். தம் பெயரை இழந்த ஒருவர், பிறர் தலைநிமிர நோய்க்கு ஒரு பெயர் கேட்டார்.

பெயர் மாறியதோடு மருந்தும் வந்தது. உலக சுகாதார நிறுவனம் 1981-இல் பரிந்துரைத்த கூட்டு மருந்து, நோயின் வகைக்கேற்ப ஆறு அல்லது பன்னிரண்டு மாதங்களில் குணமளிக்கிறது. அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் அது இலவசமாகவே கிடைக்கிறது. மருந்தைத் தொடங்கிய சிறிது காலத்திலேயே பிறருக்குத் தொற்றுவது நின்றுவிடும். உணர்ச்சியற்ற படையை உடனே காட்டினால் நரம்புகள் கெடாமல் காக்கலாம். 1898-ஆம் ஆண்டின் தொழுநோயாளர் சட்டத்தை நாடாளுமன்றம் 2016-இல் நீக்கியது. தொழுநோய் மணமுறிவுக்குக் காரணமாகாது என்று 2019-இல் சட்டமாயிற்று.

சட்டம் மாறிற்று, எங்கள் கை மாறச் சில நாள் பிடித்தது. தனித் தம்ளரை எடுத்துவிட்டோம். அவர் ஆறு மாதமும் தவறாது மருந்துண்டு நலமடைந்து, அத்திப்பள்ளிக்கு அப்பால் வேறொரு வேலைக்குப் புறப்பட்டார். விடைபெற வந்த நாளில் நாங்கள் அருந்தும் தம்ளரிலேயே காப்பி கொடுத்தோம்.

அவர் புன்முறுவலோடு வாங்கி, உதடு படாமல் அண்ணாந்தே குடித்தார்.

நோய்க்கு நற்பெயர் தேடித் தருவோர் உலகில் உண்டு. அந்தத் தம்ளரை அவர் உதட்டில் வைத்துப் பருகச் செய்வது, அண்டை வீட்டாராகிய நம் கடமை.