வாரத்துக்கு மூன்று நாள் கீரை

அம்மாவின் நெஞ்சில் இருப்பது சித்ரா வால்வு. திருவனந்தபுரத்தில் வலியத்தான் தலைமையிலான குழு உருவாக்கியது. 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள். உலோக வளையத்துக்குள் சாய்ந்து திறந்து மூடும் ஒரு பிளாஸ்டிக் வட்டு, அவ்வளவுதான். ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லட்சம் தடவை.

நம்மிடம் இதய நோய் என்றால் உடனே அடைப்பு, ஸ்டென்ட், கொழுப்பு என்றுதான் பேச்சு போகும். அம்மாவின் ரத்தக்குழாய்கள் என்னுடையதைவிடச் சுத்தம். அவளுக்கு வந்தது சின்ன வயதில் ஒரு தொண்டைப்புண். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியோடு சண்டை போடப் புறப்பட்ட உடம்பு, தன் மைட்ரல் வால்வையும் சேர்த்தே தாக்கியது. ருமாட்டிக் காய்ச்சல். அது வால்வைச் சுருக்கியது தெரிய வர முப்பது வருடம் ஆனது.

செயற்கை வால்வில் ரத்தம் உறைந்து ஒட்டும். ஒட்டியது பிய்ந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். அதற்காகத் தினமும் அசிட்ரோம். இது வார்ஃபரினின் உறவுக்காரன். பூஞ்சை பிடித்த தீவனம் தின்ற மாடுகள் ரத்தம் நிற்காமல் செத்த கதையிலிருந்து கிடைத்த மருந்து வார்ஃபரின். முதலில் எலி விஷம், 1954 முதல் மனிதர்களுக்கும். அம்மாவிடம் சொன்னேன். "எலிக்குக் குடுக்கியத எனக்கா மக்ளே தாரானுவ?" என்று சிரித்தாள்.

இந்த மருந்துக்கு எல்லோருக்கும் பொருந்தும் அளவு என்று ஒன்று கிடையாது. ஒருவருக்கு ஒரு மில்லிகிராம் போதும், இன்னொருவருக்கு ஐந்து தேவைப்படும். மரபணு, வயது, ஈரல், கூடச் சாப்பிடும் ஆன்டிபயாட்டிக், எல்லாம் உள்ளே வந்து கையை நீட்டும். ஐஎன்ஆர் என்ற ரத்தப் பரிசோதனைதான் வழிகாட்டி. சாதாரண ஆளுக்கு ஒன்று இருக்கும்; அம்மாவுக்கு 2.5க்கும் 3.5க்கும் நடுவில் நிற்க வேண்டும். கீழே போனால் கட்டி, மேலே போனால் ரத்தக்கசிவு.

இதில் கீரை எங்கே வந்தது என்றால், ரத்தம் உறைய வைட்டமின் கே வேண்டும்; மருந்து அந்த வைட்டமினின் வேலையைத்தான் தடுக்கிறது. முருங்கைக்கீரையில் அது ஏராளம். சென்னையில் ஒரு பெரிய மருத்துவமனையில் இரண்டு பக்க அச்சுத் தாளைக் கொடுத்து, கீரையே கூடாது என்றார்கள். எனக்கு முன்னால் நின்றவரிடமும் அதே தாள்தான் இருந்தது. அந்த இடத்தின் விளம்பரப் பலகையில் ‘உங்களுக்கே உங்களுக்கான இதயப் பராமரிப்பு’ என்று எழுதியிருந்தது.

முருங்கைக்கீரைத் துவரன் இல்லாமல் அம்மாவுக்குச் சோறு இறங்காது. மூன்று மாதம் அரை வயிற்றோடு இருந்தாள். எடை குறைந்தது, ஐஎன்ஆர் 4.8க்கு ஏறி ஈறில் ரத்தம் கசிந்தது.

நாகர்கோவிலில் இப்போது பார்க்கும் டாக்டரம்மா முதலில் கேட்ட கேள்வி: "வாரத்துக்கு எத்தன நாளு கீரை வைப்பிய?"

"மூணு."

"அப்ப மூணு நாளும் தின்னுங்க. நாலாக்கவும் வேண்டாம், ரெண்டாக்கவும் வேண்டாம். மாத்திரைய நான் அதுக்குத் தக்கன மாத்திக்கிடுதேன்."

நான் நிரல் எழுதிப் பிழைப்பவன். ஆளைத் தரவுக்கு ஏற்ப வளைப்பதையே வேலையாகச் செய்யும் கூட்டத்தில் இருந்துகொண்டு அந்த வாக்கியத்தைக் கேட்டபோது கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது. அலுவலகத்தில் பாதிப்பேர் கையில் நாடித் துடிப்பின் தாளம் பிசகினால் கண்டுபிடிக்கும் கைக்கடிகாரம் இருக்கிறது. நல்ல பொருள்தான். ஆனால் வீட்டில் இந்த வாரம் என்ன சமைத்தார்கள் என்று அது கேட்காது. புதிய மாத்திரைகளும் கை கொடுக்கவில்லை. உலோக வால்வு வைத்தவர்களுக்கு டாபிகாட்ரானைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு, உறைவும் கசிவும் இரண்டும் கூடியதால் பாதியில் நின்று, 2013இல் முடிவு வெளியானது.

ஆகவே அம்மாவிடம் நாற்பது பக்க நோட்டுதான். தேதி, ஐஎன்ஆர், மாத்திரை அளவு, கடைசிப் பத்தியில் அவள் கையெழுத்தில் ‘காச்சல்’, ‘கல்யாண வீடு’, ‘கீரை இல்ல, மழை’.

போன மாதம் 2.1. டாக்டரம்மா போனில் கேட்டார். அடுத்த வீட்டு முருங்கை காற்றில் ஒடிந்து விழுந்திருக்கிறது. வீணாகப் போகக் கூடாதென்று தெருவே பங்கு போட்டு, அம்மா ஐந்து நாள் தொடர்ந்து துவரன் வைத்திருக்கிறாள். திட்டு விழவில்லை. இரண்டு நாளைக்கு அரை மாத்திரை கூடுதல், பிறகு பழைய அளவு, வெள்ளிக்கிழமை மறுபடி ரத்தம் கொடுக்க வேண்டும்.

"மரம் திரும்பத் துளுக்குமா?" என்று டாக்டரம்மா கேட்டாராம். அதையும் அம்மா நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள்.