நான் கண்டும் மூடிவைத்த விரிசல்



சென்ற அறுப்பின் பண்டிகைக்கு முந்திய வாரம், நம் ஆலயத்துக்கென மரத்தில் ஒரு காணிக்கைத் தட்டைக் கடைந்துவிட விரும்பினேன். போதகர் இல்லத்து முற்றத்தில் காற்றில் சாய்ந்த பூவரசின் பலகை ஒன்று நிழலில் உலர்ந்து கிடந்தது. என் தந்தையார் கட்டில் கால் கடைந்து எங்களை வளர்த்தவர். ஆதலால் 'எனக்குத் தெரிந்த வேலைதானே' என்ற எண்ணத்தோடு அருகிலுள்ள கடைசல் பட்டறைக்குச் சென்றேன்.

கட்டில் கால் இரு முனைகளுக்கு நடுவே பிடிபட்டுச் சுழலும். தட்டு அப்படியன்று. ஃபேஸ்பிளேட் என்னும் இரும்பு வட்டத்தில் பலகையைத் திருகாணிகளால் இறுக்கவேண்டும். சுழலும் மரத்தின் முழுப் பாரத்தையும் அந்தச் சில திருகாணிகளே தாங்குகின்றன.

பட்டறை அண்ணாச்சி வெளியே சென்றிருந்தார். காத்திருக்க எனக்கு மனமில்லை. பலகையின் ஓரத்தில் மயிரிழை போன்ற ஒரு விரிசலைக் கண்டேன். பசையும் மரத்தூளும் குழைத்து அதன்மேல் அப்பினேன். கையில் அகப்பட்ட குட்டையான கறுப்புத் திருகாணிகள் நான்கினை முடுக்கினேன். பலகையின் மூலைகளை அறுக்கவில்லை. பெல்ட் எந்த வேகத்தில் கிடக்கிறதென்றும் பார்க்கவில்லை. என்னோடு வந்திருந்த ஞாயிறு பள்ளிச் சிறுவன், பலகையின் விளிம்புக்கு நேராக நின்று ஆவலோடு பார்த்துக்கொண்டிருந்தான்.

சுவிட்சைப் போட்டதும் இயந்திரமே நடுங்கிற்று. அவ்வேளையில் உள்ளே நுழைந்த அண்ணாச்சி, "தம்பி, இங்கே வா!" என்று சிறுவனின் தோளைப் பற்றி இழுத்தார். மறுநொடி பலகை பிய்த்துக்கொண்டு, அவன் நின்ற இடத்தைக் கடந்து சுவரில் மோதி இரண்டாய்ப் பிளந்தது.

அண்ணாச்சி என்னைக் கடிந்துகொள்ளவில்லை. உடைந்த துண்டை எடுத்து, பசையை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். "ஐயா, இது முன்னமே இருந்ததா?" என்று கேட்டார். "இருந்தது" என்றேன். அந்த ஒரு சொல்லைச் சொல்ல எனக்கு நேரம் பிடித்தது.

பின்பு வேறொரு பலகையில் பொறுமையாகக் கற்பித்தார். விரிசலோ, ஆடும் கணுவோ உள்ள மரத்தை ஒதுக்கிவிடவேண்டும். முதலில் வட்டமாக அறுத்துக்கொண்டால் பாரம் சமனாகும். ஜிப்சம் பலகைக்கான கறுப்புத் திருகாணிகள் சட்டென்று முறிந்துவிடும். மரத்துக்குரிய தடித்த திருகாணிகளே வேண்டும். பலகையின் அகன்ற முகத்தில் அவை நன்கு பற்றும்; இழை வெட்டுப்பட்ட முனையில் எளிதில் கழன்றுவிடும். இயலும்வரை டெயில் ஸ்டாக்கையும் முட்டுக்கொடுக்கவேண்டும். உளித்தாங்கியில் மரம் இடிக்கிறதாவென்று ஒருமுறை கையால் சுற்றிப் பார்க்கவேண்டும். முகக்கவசம் அணிந்து, விளிம்பின் நேர்கோட்டை விட்டு விலகி நின்ற பிறகே சுவிட்சைத் தொடவேண்டும். 12 அங்குலத் தட்டுக்கு நிமிடத்துக்கு 500 முதல் 750 சுற்றுகள் போதும். சமன்படும்வரை அதனினும் மெதுவாகவே ஓட்டவேண்டும்.

அன்று மாலை அச்சிறுவனின் தாயாரிடம் சென்று, நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை; மகனைத் தம் அருகே இழுத்துக்கொண்டார். அந்த மௌனத்தின் முன் நான் தலைகுனிந்து நின்றேன்.

ஆலயத்துக்கான வேலை என்பதால் என் அவசரமும் பரிசுத்தமானது என்று எண்ணியிருந்தேன். அந்த அவசரத்துக்கு ஒரு பிள்ளை விலைகொடுக்க இருந்தான். அப்பிய பசை விரிசலை என் கண்ணுக்கு மட்டுமே மறைத்தது; மரம் சுழன்றபோது அது வெளிப்பட்டுவிட்டது. நம் வீட்டிலும் உறவிலும் கண்டும் காணாமல் பூசிவைத்தவை சில இருக்கக்கூடும். அவை பிளக்கும்போது எதிரே நிற்பவர் பெரும்பாலும் நாமல்லர், நம்மை நம்பி அருகில் வந்தவரே.

இப்போது ஆலயத்தில் உள்ள தட்டு, அண்ணாச்சியின் மேற்பார்வையில் கடைந்தது. உடைந்த பாதி என் மேசைமேல் இருக்கிறது. பிரசங்கம் எழுத அமரும்போதெல்லாம் அதைத் தொட்டுப் பார்க்கிறேன்.