கிணற்று நீரும் என் முதலாம் வருடமும்

வடமராட்சி கிழக்கில், தாளையடிக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. 2004 மார்கழியில் கடல் ஊருக்குள் வந்தபோது வீட்டுக் கிணறு உவர்த்துப்போனதாம். நான் பிறந்தது அடுத்த வருடம். பிறகு இடப்பெயர்வு. 2009இல் முள்ளிவாய்க்காலில் அப்பா செல்லடியில் இறந்தார். செட்டிகுளம் முகாமிலிருந்து ஊர் திரும்பிய அம்மா, கரைவலை வாடியில் மீன் தெரிந்தும் கருவாடு காயவைத்தும் என்னையும் தம்பியையும் வளர்த்தார். பவுசர் வரும் நாட்களில் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுத்தான் நான் பள்ளிக்கூடம் ஓடுவேன்.

இப்போது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடத்தில் முதலாம் வருடம் படிக்கிறேன். பீடம் இருப்பது கிளிநொச்சி அறிவியல்நகரில். 2014இல் முதல் அணி மாணவர்கள் அங்கே வரும்வரை எங்கள் பகுதிப் பிள்ளைகள் பேராதனை, மொறட்டுவை போன்ற தூர இடங்களுக்குத்தான் போகவேண்டியிருந்தது. அவ்வளவு தூரத்துக்கு அம்மா என்னை விட்டிருப்பாரோ தெரியாது. பளையில் பஸ் ஏறினால் ஆனையிறவு தாண்டிப் போய்விடலாம் என்பதால் சம்மதித்தார்.

உயர்தரம்வரை எல்லாம் தமிழில் படித்தவள். இங்கே விரிவுரை முழுவதும் ஆங்கிலம். முதல் மாதம் கணக்கு விளங்கியது, கேள்விதான் விளங்கவில்லை. இரவில் விடுதியில் இரண்டு மூன்று பேர் சேர்ந்திருந்து சொல்லுக்குச் சொல் பிரித்துப் படிக்கிறோம். பட்டறையில் மட்டும் எனக்குப் பயமில்லை. மீன் வெட்டிப் பழகிய கைக்கு அரம் பாரமாகத் தெரிவதில்லை.

நூலகத்தில் நான் தேடிப் படிப்பது தண்ணீரைப் பற்றி. நன்னீர் கடல்நீரைவிடப் பாரம் குறைந்தது. அதனால் எங்கள் மண்ணுக்கடியில் நன்னீர் உவர்நீரின்மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே 1 அடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடி ஆழம்வரை நன்னீர் இருக்குமாம். மேலே 1 அடி குறைந்தால், காலப்போக்கில் உவர்நீர் கீழிருந்து 40 அடியளவு ஏறிவிடும். மோட்டர் போட்டு இறைக்க இறைக்கக் கிணறு உவர்ப்பதன் காரணம் இதுதான்.

2024 ஆகஸ்டில் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. கடல்நீரை மிகுந்த அமுக்கத்தில் சவ்வினூடே தள்ளி, நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் நன்னீர் எடுக்கக்கூடியது. கழித்துவிடும் உப்புநீரால் மீன் விலகிப்போகுமோ என்று கடற்றொழிலாளர் பயந்ததும் எனக்குத் தெரியும். அந்தப் பயத்தை அறியாமை என்று சொல்ல என்னால் முடியாது. எங்கள் வீட்டுச் சோறும் அந்த மீன்தான்.

பொதுப்பாடங்கள் முடிந்ததும் துறை பிரிப்பார்கள். "கொம்பியூட்டர் எடு பிள்ளை, கெதியா வேலை கிடைக்குமாம். தம்பியையும் படிப்பிக்க வேணும்" என்கிறார் அம்மா. வாடி முதலாளியிடம் வாங்கிய கடன் இன்னும் தீரவில்லை. அம்மா சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் குடிசார் பொறியியலில்தான் என் மனம். மண்ணையும் நீரையும் அங்கேதான் படிக்கலாம். ஈரக் களிமண்ணின் இயல்பு பற்றி 1963இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர் இருவருடன் சேர்ந்து எழுதிய பேராசிரியர் துரைராசா எங்கள் வடமராட்சிக்காரர்தான், பின்னாளில் யாழ்ப்பாணத்தில் துணைவேந்தராகவும் இருந்தவர் என்று அம்மாவுக்குச் சொன்னேன். "அவர் படிச்ச காலம் வேறை" என்றார்.

விருப்பப் பத்திரம் கொடுக்க இன்னும் சில மாதங்கள் இருக்கின்றன. இதற்கிடையில் தம்பி ஞாயிறுதோறும் கிணற்றில் கயிறு விட்டு நீர்மட்டத்தை அளந்து, ஒரு கொப்பியில் திகதி போட்டு எழுதி வைக்கிறான்.