சஹனைச் சுற்றி

சகோதரிகளே! மட்டக்களப்பு நகரிலிருந்து கல்லடிப் பாலத்தால் வாவியைக் கடந்து தெற்கே வந்தால், பேரீச்சை மரங்கள் நிற்கும் காத்தான்குடி வீதி. அங்கே ஒரு கல்யாணத்துக்கு ராத்தாவுடன் போயிருந்தேன். அவருக்குச் சீனி வருத்தம். சோற்றைக் குறைத்து மீனும் கீரையுமாகச் சாப்பிடுகிறார்.

ஒரே சஹனில் கூடி உண்பது நம் அழகிய வழக்கம். ஆனால் ஒருவர் கையை எடுத்தால் மற்றவர்களுக்குப் பொறுப்பதில்லை. “ஒரு நாளைக்குத் திண்டா என்ன மச்சி?” என்று சோற்றை அவர் பக்கம் தள்ளினார்களாம். பிறகு வட்டிலப்பம்.

“வேணாம் எண்டா பெருமைக்காரி எண்டுறாங்க, தம்பி” என்றார், பாலத்தில் திரும்பும்போது.

மைமூனா (ரலி) வீட்டில் உடும்பு இறைச்சி வைக்கப்பட்டபோது நபி (ஸல்) அவர்கள் கையை எடுத்துக்கொண்டார்கள். ஹராமல்ல, மனம் ஒப்பவில்லை என்றார்கள். காலித் (ரலி) அதை இழுத்து வைத்து உண்டார்கள் (புகாரி). இதைச் சொன்னேன்.

“சஹன் வைக்க முன்னம் பொம்பளைகளுக்கிட்டச் சொல்லுங்க” என்றார் ராத்தா.

இதோ, சொல்லிவிட்டேன்.