முதலில் வழி, பிறகு கழுவு

நாசிக் திராட்சைக் கொடிகளுக்கு நடுவே கோப்பையோடு நின்று படம் எடுத்துக்கொள்கிற சுற்றுலாக்காரர்கள் ஒயின் ஆலையின் பின்பக்கத்துக்கு வருவதில்லை. என்னை அங்கே கூட்டிப்போனவர் நண்பர். கம்பத்துக்காரர், பன்னீர் திராட்சைப் பந்தலடியில் வளர்ந்து, இப்போது இங்கே ஓர் ஆலையில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பைப் பார்த்துக்கொள்கிறார். "பிப்ரவரியில் வாங்க. அறுவடைக்கு வந்த ஆட்களுக்குச் சுற்றுச்சூழல் பயிற்சி நடக்கும்" என்றிருந்தார்.

தகரக் கொட்டகைக்குள் பயிற்சி. பேட், சுர்காணா பக்கத்து ஆதிவாசிகள், பாதிக்கு மேல் பெண்கள், தரையில் உட்கார்ந்திருந்தார்கள். முதல் பாடம் காற்றைப் பற்றி. ஒரு லிட்டர் சாறு புளித்து முடிவதற்குள் ஏறத்தாழ 50 லிட்டர் கரியமில வாயு கிளம்பும். காற்றைவிடக் கனமானது என்பதால் தொட்டிக்குள்ளும் தாழ்ந்த மூலைகளிலும் தங்கிவிடும். உள்ளே ஒருவர் மயங்கி விழுந்தால் அவரைத் தூக்கக் குதிக்காதே, ஆளைக் கூப்பிடு. இதை மட்டும் எல்லோரையும் திருப்பிச் சொல்லவைத்தார்கள். அடுத்து பிஓடி, சிஓடி என்று, கழிவு மட்குவதற்கு வேண்டிய ஆக்சிஜனைக் காட்டும் அட்டவணைகள் திரையில் ஓடின. கொட்டாவி விட்டவர்களில் நானும் ஒருவன்.

அதே பிஓடியை நண்பர் வெளியே வந்து ஒரே கணக்கில் சொன்னார். சாக்கடையில் ஒரு லிட்டர் ஒயின் போனால், அது மட்குவதற்கு ஏறக்குறைய 200 கிராம் ஆக்சிஜன் வேண்டும். நல்ல ஆற்றுநீரில் லிட்டருக்கு 8 மில்லிகிராம்தான் இருக்கும். 25,000 லிட்டர் தண்ணீரின் மூச்சை அந்த ஒரு லிட்டர் குடித்துவிடும். கோதாவரி பக்கத்தில்தான் ஓடுகிறது.

பிழியும் எந்திரத்தைத் திறந்துவிட்ட நேரம். தோலும் விதையும் காம்புமாகத் தரை முழுக்கச் சிவப்பு. ஒரு பையன் தண்ணீர்க் குழாயை இழுத்துக்கொண்டு வந்தான். "முதலில் வழி!" என்று ஒரு குரல் அதட்டியது. ஆலையே மாவ்ஷி, அதாவது சித்தி, என்று கூப்பிடுகிற அம்மாள். கையில் வைப்பர், நம் வீட்டுக் குளியலறையில் நிற்கிற அதே ரப்பர் கட்டைதான், கம்பு மட்டும் நீளம். சுவரோரத்திலிருந்து இழுத்து நடுவில் குவித்தார். தட்டை மண்வெட்டியால் அள்ளிக் கூடையில் போட்டார். அது உரக்குழிக்குப் போகும். வழிந்த சாற்றைத் தனி வாளியில் பிடித்தார். தரை கிட்டத்தட்டச் சுத்தமான பிறகுதான் குழாய், அதுவும் கைவிட்டால் தானே அடைத்துக்கொள்கிற மூக்கோடு. பையன் செய்திருந்தால் அத்தனையும் கரைந்து நண்பரின் தொட்டிக்குப் போயிருக்கும்.

ஒயின் தொட்டிகளின் சுவரில் படியும் உப்பைக் காரம் போட்டுக் கரைக்கிறார்கள். காஸ்டிக் சோடா மலிவு. ஆனால் சுத்திகரித்த தண்ணீர் கொடிகளுக்கே பாய்வதால், சோடியம் சேர்ந்து மண் இறுகும். அதனால் ஒரு தொட்டியைக் கழுவிய காரநீரைக் கொட்டாமல் அடுத்ததற்கு எடுப்பதும் மாவ்ஷிதான்.

"வகுப்பில் கற்றதா?" என்று நண்பர் வழியாகக் கேட்டேன்.

"ஹோலி கழிஞ்சா எங்க ஊர்க் கிணத்துல இறங்கித்தான் மொள்ளணும், அண்ணா. தண்ணி சும்மா ஓடினா எனக்குக் கை நிக்காது." மழைக்காலத்தில் கொட்டித் தீர்க்கும் ஊர்தான் சுர்காணா, கோடையில் வறண்டுவிடும். நெல்லும் கேழ்வரகும் அறுத்த பிறகு இவர் கூலிக்கு வருகிறார்.

அவரை அழைத்து வருபவர் முக்காதம், அதாவது ஆள் பிடித்துத் தரும் மேஸ்திரி. கூலி அவர் கை வழியாக வருகிறது, வரும்போதே இளைக்கிறது. அடுத்த ஆண்டு யார் வருவார்கள் என்பதையும் அவரே முடிவு செய்கிறார். குறைந்த முன்பணத்துக்கு யார் சம்மதித்தாரோ அவர். கற்றவர்கள் மார்ச்சோடு கலைந்துபோக, அடுத்த ஜனவரியில் புது முகங்களுக்கு அதே அட்டவணை, அதே கொட்டாவி. தணிக்கைக்கு வருகிறவரோ பயிற்சிப் பதிவேட்டில் கையெழுத்துகளை எண்ணிப் பார்த்துத் திருப்தியோடு போகிறார். சுத்திகரிப்பு எந்திரத்துக்குக் கணக்குப் பார்க்காமல் பணம் போடும் முதலாளிகளுக்கு, அந்த எந்திரத்தின் பாரத்தைக் குறைக்கிற கைக்கு ஆண்டு முழுக்கச் சம்பளம் கொடுப்பது மட்டும் ஏன் வீண்செலவாகத் தெரிகிறது? பீப்பாய் கழுவுவதும் புட்டியில் அடைப்பதும் அறுவடையோடு நின்றுவிடுகிற வேலைகள் இல்லையே.

மாவ்ஷிக்கும் குழாய்ப் பையனுக்கும் ஒரே கூலி. அதைப் பற்றி அவர் குறைப்படவில்லை. அடுத்த பருவத்தில் முக்காதம் இல்லாமல் நேரே வந்தால் சேர்த்துக்கொள்வார்களா என்று நண்பரிடம் கேட்டார். நண்பர் அலுவலகத்தில் விசாரித்தார். ஒப்பந்தம் முக்காதத்தோடுதான், ஆளோடு இல்லை என்றார்கள்.