உங்கள் மரியோ என்ன வேகம்?

"எமுலேட்டர்ல எதுண்ணே நல்லது?" என்று லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களுக்கு நான் உடனே பதில் சொல்வதில்லை. "நீங்க எதுல ஆடினீங்க?" என்று திருப்பிக் கேட்பேன். முப்பதைத் தாண்டியவர்களிடமிருந்து அனேகமாக ஒரே பதில்தான் வரும்: "டிவி கேம்லதான்." மஞ்சள் கேசட், லேபிளில் ஒரு படம், உள்ளே வேறு ஆட்டம். 9999 ஆட்டம் என்று போட்டிருக்கும். புரட்டிப் பார்த்தால் மரியோ, காண்ட்ரா, டக் ஹன்ட் என்று சில ஆட்டங்களே வேறு வேறு பெயரில் திரும்பத் திரும்ப வரும். இவ்வளவு தெரிந்தால் போதும், எந்த மென்பொருள், அதில் எந்த செட்டிங் என்று பாதி முடிவாகிவிடும்.

அந்த டிவி கேம் பெட்டிக்கு மூலம், நின்டெண்டோ 1983-ல் ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாம். 1985-ல் அதுவே என்.இ.எஸ். என்ற பெயரில் அமெரிக்கா போனது. நம் வீட்டு டிவிக்கு வந்து சேர்ந்தது பெரும்பாலும் இரண்டுமில்லை. அதைப் பார்த்துச் செய்த நகல் பெட்டி. ஜப்பான், அமெரிக்க டிவிக்கள் என்.டி.எஸ்.சி. முறையில் விநாடிக்கு 60 முறை படம் காட்டின. இந்தியாவில் பால் முறை, விநாடிக்கு 50. அந்தக் காலத்து ஆட்டங்களுக்கு டிவிதான் கடிகாரம். ஒரு படம் வரைந்து முடித்தால் மரியோ ஓர் அடி நகர்வான். படம் குறைந்தால் நடையும் குறையும்.

இதைக் கணக்காகவே காட்டலாம். சூப்பர் மரியோவின் முதல் கட்டத்தில் மேலே ஓடும் 400 என்ற நேரம் நிஜ விநாடி இல்லை. 24 படத்துக்கு ஒன்று குறைகிறது. 60 படம் காட்டும் டிவியில் அது 160 விநாடி. 50 காட்டும் நம் டிவியில் 192 விநாடி. நாம் அமெரிக்கப் பையன்களைவிட அரை நிமிடம் கூடுதலாக வாங்கிக்கொண்டு ஆடியவர்கள்.

இப்போது எமுலேட்டரை, அதாவது பழைய பெட்டியைப் போலவே நடந்துகொள்ளும் மென்பொருளை, கம்ப்யூட்டரில் திறந்தால் அது என்ன செய்யும்? உலகம் அமெரிக்காவில் தொடங்குகிறது என்று நினைத்துக்கொண்டு 60-ல் ஓட்டும். ஒருவர் என் கடையில் உட்கார்ந்து காண்ட்ரா ஆடிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"வேகமா ஓடுற மாதிரியே இருக்குண்ணே. நமக்குத்தான் வயசாயிடுச்சு போல."

"வயசு இல்ல தம்பி, ஹெர்ட்ஸு."

செட்டிங்கில் ரீஜன் என்ற இடத்துக்குப் போனேன். அங்கே என்.டி.எஸ்.சி., பால், டெண்டி என்று மூன்று இருக்கும். பலர் 'பால்' என்பதைத் தட்டிவிட்டு ஏமாந்து போவார்கள். அது ஐரோப்பாவில் நின்டெண்டோ அதிகாரபூர்வமாக விற்ற பெட்டியின் கணக்கு. அதில் சிபியு ஒரு துடிப்பு துடிப்பதற்குள் திரையில் 3.2 புள்ளி போகும்; ஜப்பான் பெட்டியில் சரியாக 3. ஜப்பானுக்கோ அமெரிக்காவுக்கோ எழுதிய ஆட்டத்தை இதில் போட்டால், மேலே புள்ளிக் கணக்கும் கீழே ஆட்டமுமாகத் திரை பிரிகிற இடம் சில ஆட்டங்களில் உதறும். சுருதியும் இறங்கும். டெண்டி என்பது 1992-ல் ரஷ்யாவில் விற்பனைக்கு வந்த நகல் பெட்டியின் பெயர். பால் டிவிக்காக நகல் செய்தவர்கள் ஒரு கெட்டிக்காரத்தனம் செய்திருந்தார்கள்: படம் 50, ஆனால் சிபியுவுக்கும் திரைக்கும் இடையில் அதே 3 கணக்கு, சிபியு வேகமும் கிட்டத்தட்ட அதே 1.77 மெகாஹெர்ட்ஸ். அதனால் தாளம் தளரும், சுருதி ஏறக்குறைய அப்படியே நிற்கும். டெண்டியைத் தட்டியதும் வந்தவர் திரையைப் பார்க்கவில்லை, காதைத்தான் கொடுத்தார். "ஆங், இதுதாண்ணே."

டெண்டி என்ற இந்தத் தேர்வு மெசன், எஃப்.சி.இ.யு.எக்ஸ். என்ற இரண்டு எமுலேட்டர்களிலும் இருக்கிறது. விண்டோஸ் கம்ப்யூட்டரில் டிவி கேம் ஆட நினைக்கிறவர்களுக்கு நான் மெசனைப் போட்டுத் தருகிறேன். கேசட்டுக்குள் இருந்த விசித்திரமான சிப்புகளை, அதிலும் பல ஆட்டங்களை ஒரே கேசட்டில் அடைத்த கள்ள கேசட்டுகளின் சிப்புகளை, தாராளமாகவே அது புரிந்துகொள்கிறது. பழைய கம்ப்யூட்டர் திணறினால் எஃப்.சி.இ.யு.எக்ஸ். இலகுவானது. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

50-ல் ஓட்டுவதில் ஒரு தலைவலியும் உண்டு. லேப்டாப் திரை 60-ல் புதுப்பிக்கும்; ஆட்டம் 50 படம்தான் தரும். ஐந்து படத்துக்கு ஒருமுறை ஒரு படம் இரண்டு தடவை நின்றுபோகும். பக்கவாட்டில் திரை நகரும்போது சின்னச் சின்னத் தடுக்கல் தெரியும். 100 ஹெர்ட்ஸ் அல்லது 50 ஹெர்ட்ஸ் கொடுக்கிற மானிட்டராக இருந்தால் அதற்கு மாற்றிவிடுவேன். இல்லையென்றால் வந்தவரையே கேட்பேன்: வேகம் சரியாக வேண்டுமா, வழுக்கல் வேண்டுமா? பாதிப் பேருக்கு அந்தத் தடுக்கல் கண்ணிலேயே படாது. பட்டவர்களுக்கு அதைத் தவிர வேறெதுவும் கண்ணில் படாது.

'துல்லியம்' என்ற சொல்லை எமுலேட்டர் உலகில் ஜாதகப் பொருத்தம் மாதிரிப் பேசுவார்கள், பத்துக்கு எத்தனை என்று. 1997-ல் வந்த நெஸ்டிக்கிள் என்ற எமுலேட்டர் துல்லியத்தைப் பற்றிக் கவலையே படவில்லை. அன்றைய கம்ப்யூட்டரில் முழு வேகத்தில் ஓடியது, அதற்காகவே கொண்டாடப்பட்டது. நின்டெண்டோவின் அடுத்த பெட்டியான சூப்பர் நின்டெண்டோவுக்கு வந்த இசட்ஸ்னெஸ்ஸும் அதே வழி: அசெம்பிளியில் எழுதி, குறுக்கு வழிகளை அடுக்கி, பிரபலமான ஆட்டங்களை ஓடவைத்தார்கள். பிரபலமில்லாத ஆட்டங்கள் அந்தக் குறுக்கு வழிகளில் தடுக்கி விழுந்தன. ஸ்பீடி கொன்சாலஸ் ஆட்டத்தின் கடைசிப் பகுதியில் ஒரு பொத்தானை மிதித்தால் ஆட்டம் அப்படியே உறைந்துவிடும். காரணம், அந்த ஆட்டம் நினைவகத்தில் எதுவுமே இல்லாத ஒரு முகவரியை வாசித்துக்கொண்டு நிற்கிறது. நிஜப் பெட்டியில் அந்தக் கம்பிகளில் கடைசியாகப் போன மின்சாரத்தின் மிச்சம் எப்போதாவது மாறும், ஆட்டம் நகரும். எமுலேட்டரில் மிச்சம் என்று ஒன்று இல்லையே, மாறுவதற்கு! இதைச் சரியாகச் செய்தது பிஸ்னெஸ் என்ற எமுலேட்டர். அதை எழுதியவர் நியர் என்ற புனைபெயரில் அறியப்பட்டவர். அதன் உச்சத் துல்லியத்துக்கு 3 கிகாஹெர்ட்ஸ் கம்ப்யூட்டர் தேவைப்படும் என்று 2011-லேயே விளக்கி எழுதினார். அசல் பெட்டியின் சிபியு 3.58 மெகாஹெர்ட்ஸைத் தாண்டாதது. 2021-ல் அவர் மறைந்தார். அவர் செய்து வைத்ததால்தான் இன்று சாதாரண லேப்டாப்பில் இந்தக் கவலை இல்லாமல் ஆடுகிறோம்.

துல்லியம் வேண்டும்தான். ஆனால் எதற்குத் துல்லியம் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். ஜப்பானில் 1983-ல் விற்ற பெட்டிக்கா, ஆடியவர் வீட்டு ஹாலில் இருந்த பெட்டிக்கா? எல்லோரும் முதலாவதற்கே மார்க் போடுகிறார்கள். என் கடைக்கு வருகிறவர் கேட்பது இரண்டாவதை.

காண்ட்ராவில் குண்டுகள் நிறையப் பறக்கும்போது உருவங்கள் மின்னி மின்னி மறையும், ஞாபகம் இருக்கிறதா? ஒரே கிடைக்கோட்டில் எட்டு உருவத் துண்டுகளுக்கு மேல் அந்தப் பெட்டியின் படம் வரையும் சிப்பால் வரைய முடியாது. ஒன்பதாவது வந்தால் விட்டுவிடும். அதனால் எழுதியவர்கள் எதை விடுவது என்பதைப் படத்துக்குப் படம் மாற்றினார்கள். நாம் மின்னலாகப் பார்த்தோம். எமுலேட்டரில் இந்த வரம்பை எடுத்துவிடும் ஒரு டிக் உண்டு. காண்ட்ராவுக்கு எடுத்துவிடுங்கள், கண் வலி குறையும். கேசில்வேனியா இரண்டாம் பாகத்துக்கு எடுக்காதீர்கள். அதில் சதுப்பு நிலத்தில் நாயகன் கால் புதைவது இந்த வரம்பை வைத்துச் செய்த வித்தை. காலிருக்கும் கோடுகளில் கண்ணுக்குத் தெரியாத எட்டு உருவங்களை முதலில் நிறுத்திவிடுவார்கள், காலுக்கு இடம் கிடைக்காது, சேற்றுக்குள் போனது போல் இருக்கும். வரம்பை எடுத்தால் மனிதர் சேற்றின் மேல் நடப்பார்.

ரெட்ரோஆர்க் பற்றிக் கேட்பவர்கள் அதிகம். அது தனி எமுலேட்டர் இல்லை. பல எமுலேட்டர்களைக் 'கோர்' என்ற பெயரில் ஒரே கூரைக்குள் வைத்திருக்கும் மென்பொருள். மெனுவுக்குள் மெனு, அதற்குள் இன்னொரு மெனு. போனவர் திரும்பி வர நேரமாகும். ஒரே ஒரு பெட்டியின் ஆட்டம் மட்டும் போதும் என்பவருக்கு அது தேவையில்லாத சுமை என்பது என் அபிப்பிராயம். ஆனால் 2018-ல் அதில் வந்த ரன் அஹெட் என்ற வசதிக்காக அந்தச் சுமையைத் தூக்கலாம். பட்டனை அமுக்குவதற்கும் மரியோ குதிப்பதற்கும் இடையில் இன்றைய கம்ப்யூட்டரில் தாமதம் பல இடங்களில் சேர்கிறது: யு.எஸ்.பி., விண்டோஸ், கிராஃபிக்ஸ், மானிட்டர். பழைய குழாய் டிவியில் இதில் எதுவும் கிடையாது. ரன் அஹெட் ஆட்டத்தை ஓரிரு படம் முன்னால் ஓட்டிப் பார்த்துவிட்டு அதை இப்போதே காட்டிவிடுகிறது. எத்தனை படம் என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. கீபோர்டில் பி (P) அமுக்கி ஆட்டத்தை நிறுத்துங்கள். குதிக்கும் பட்டனைப் பிடித்துக்கொண்டு கீபோர்டின் கே-யை (K) ஒவ்வொரு முறையாகத் தட்டுங்கள், ஒரு தட்டுக்கு ஒரு படம் நகரும். இரண்டாவது தட்டில் குதித்தால் 1 என்று வையுங்கள். அதற்கு மேல் ஆசைப்பட்டால் குதிப்பின் முதல் அசைவை ஆட்டம் விழுங்கிவிடும்.

கீபோர்டில் ஆடி, "பட்டன் வேலை செய்யல" என்று புகார் சொல்கிறவர்களிடம் மூன்று சாவியைச் சேர்த்து அமுக்கச் சொல்வேன். பல கீபோர்டுகள் மூன்றாவதைக் கண்டுகொள்ளாது. எமுலேட்டரை மாற்றி மாற்றிப் பார்ப்பதற்கு முன்னால் ஒரு யு.எஸ்.பி. ஜாய்ஸ்டிக் வாங்கிவிடலாம். அதில் டர்போ பட்டன் வைத்துத் தரவும் மறப்பதில்லை. நம் டிவி கேமில் ஏ, பி-க்கு மேல் அமுக்கிப் பிடித்தால் தானே சுடும் இரண்டு பட்டன் இருக்குமே, அது நின்டெண்டோவின் சாதாரண ஜாய்ஸ்டிக்கில் கிடையாது. அதுவும் நகலின் கொடை.

டிவி கேம் இல்லை, கடையில் காசு போட்டு 'முஸ்தபா' ஆடினேன் என்று வருகிறவர் வேறு ரகம். அந்த ஆட்டத்தின் பெயர் கேடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ், 1993-ல் கேப்காம் செய்தது. நாம் அதிலிருக்கும் ஒரு பாத்திரத்தின் பெயரை ஆட்டத்துக்கே சூட்டிவிட்டோம். அந்த ஆட்டத்தின் சர்க்யூட் பலகையில் ஒலியைக் கவனிக்கும் சிப்பின் நிரல் பூட்டுப் போட்டது. பூட்டின் சாவி ஒரு சிறு பேட்டரியின் உயிரில் இருக்கிறது. பேட்டரி தீர்ந்தால் சாவி அழிந்து பலகை வீண். 1997-ல் நிக்கோலா சல்மோரியா தொடங்கிய மேம் என்ற எமுலேட்டர் இத்தகைய பலகைகளைத்தான் பதிந்து வைக்கிறது. அதன் நோக்கம் ஆவணம். ஆடக் கிடைப்பது உபரி. பதிப்புக்குப் பதிப்பு ரோம் கோப்பின், அதாவது ஆட்டக் கோப்பின், பொருத்தம் மாறும், புதிய மேமில் பழைய கோப்பு ஏற மறுக்கும். ஆடினால் மட்டும் போதும் என்பவருக்கு ஃபைனல்பர்ன் நியோ எளிது.

பள்ளிக் கம்ப்யூட்டர் லேபில் பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியாவும் டேவும் ஆடியவர்களுக்கு டாஸ்பாக்ஸ். அதில் கவனிக்க வேண்டியது சைக்கிள் என்ற எண் ஒன்றுதான். 1983-ல் வந்த டிக்கர் போன்ற ஆட்டங்கள் 4.77 மெகாஹெர்ட்ஸ் கம்ப்யூட்டரை நம்பி எழுதப்பட்டவை, வேகம் கூடினால் கண்மூடித் திறப்பதற்குள் செத்துப்போவோம். கன்ட்ரோலோடு எஃப்11 அமுக்கினால் வேகம் இறங்கும், எஃப்12 ஏற்றும். லேபில் சவுண்ட் கார்டு இருந்ததா என்று கேட்டுக்கொள்வேன். இல்லையென்றால் ஆட்டத்தின் செட்டப்பில் பிசி ஸ்பீக்கரையே தேர்ந்தெடுத்துக் கொடுப்பேன். சவுண்ட் பிளாஸ்டரின் நல்ல இசை கேட்டு முகம் சுளித்தவர்கள் உண்டு.

ஆட்டக் கோப்புக்கு என்ன வழி என்ற கேள்வி கடைசியில் வரும். எமுலேட்டர் எழுதுவதும் வைத்திருப்பதும் குற்றமில்லை. சோனி தொடுத்த வழக்கில் 2000-ஆம் ஆண்டு அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் எமுலேட்டர் செய்த கனெக்டிக்ஸ் நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. ஆட்டத்துக்கு உரிமையாளர் உண்டு, அது தனி விஷயம். ரோம் ஏற்றித் தரச் சொன்னால் நான் செய்வதில்லை. காண்ட்ரா வேண்டுமானால் கொனாமியே 2019-ல் கம்ப்யூட்டருக்கும் தொகுப்பாக விற்கத் தொடங்கியது. நாம் வாங்கிய கேசட்டே கள்ள கேசட்தானே என்று சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன், ஆனால் ஏற்றித் தருவதில்லை.

சேவ் விஷயத்தை மட்டும் சொல்லி அனுப்பிவிடுவேன். எமுலேட்டர் நினைத்த இடத்தில் சேமிக்கும் சேவ் ஸ்டேட் அந்த எமுலேட்டருக்கு மட்டும் சொந்தம், சில சமயம் அந்தப் பதிப்புக்கு மட்டும். நாளை மென்பொருளை மாற்றினால் திறக்காமல் போகலாம். ஆட்டத்துக்குள்ளேயே சேமிக்கிற வசதி இருந்தால், அதாவது அசல் கேசட்டில் பேட்டரி இருந்திருந்தால், அதையே பயன்படுத்துங்கள். அந்தக் கோப்பை எந்த எமுலேட்டருக்கும் தூக்கிக்கொண்டு போகலாம். மரியோவுக்கு அதுவும் கிடையாது. கரண்ட் போனால் முதலிலிருந்து.